நெப்டியூன் தொடர்பாக மைத்துனருக்கு ஒரு விளக்கம்

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு, தங்கள் தங்கையின் கணவன் பணிவோடு எழுதிக்கொள்வது.

தாங்களும் அக்காவும் கல்யாணப் பெண்ணும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எங்கள் சுகத்தைப் பற்றியும் முதல் வரியிலேயே எழுதிவிடுவதுதான் முறை. ஆனால் இந்தக் கடிதம் முழுக்க அதைப் பற்றியதுதான் என்பதாலும், அதைச் சொல்வதற்கு நான் நெப்டியூன் வரை போய்த் திரும்ப வேண்டியிருப்பதாலும், தாங்கள் கொஞ்சம் பொறுமையாக, தங்கள் டிரைவிங் ஸ்கூல் வண்டியில் பக்கத்தில் யாரும் ஓட்டிப் பழகாத நேரமாகப் பார்த்து இதைப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

விஷயம் தாங்கள் அறிந்ததுதான். கல்யாணப் பத்திரிகையைக் கையோடு கொடுக்க வேண்டும் என்று தாங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். கதவைத் திறந்த தங்கள் தங்கை, தங்கள் குரலைக் கேட்டதும் முகத்தைச் சட்டென்று அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். மறுநாள் தாங்கள் எனக்குப் போன் போட்டு, "என் மூஞ்சியப் பார்க்கப் பிடிக்காதவ என் பொண்ணு கல்யாணத்துக்கு வர வேணாம் மாப்பிள்ளை, அவகிட்ட சொல்லிடுங்க" என்றீர்கள். நானும் சொன்னேன். வராதே என்று சொன்ன வீட்டுக்கு நான் ஏன் போகிறேன் என்று அவளும் சொல்லிவிட்டாள். கல்யாணமோ நெருங்கிவிட்டது, அண்ணனும் தங்கையும் பேசுவதாக இல்லை, நடுவில் நான் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன்.

உண்மையைச் சொன்னால் நான் முதலில் தங்கள் கட்சியில்தான் இருந்தேன். ஒரு வருடமாகவே அவள் அப்படித்தான். நான் ஏதாவது பேசினால் என் காதைப் பார்ப்பாள், இல்லாவிட்டால் என் தோளுக்குப் பின்னால் இருக்கும் கடிகாரத்தைப் பார்ப்பாள். தெருவில் எதிரே வருகிறவர்கள் சிரித்தால் திரும்பச் சிரிக்க மாட்டாள். அவர்கள் வாயைத் திறந்து பேசிய பிறகுதான், அடடே நீங்களா என்பாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காலமெல்லாம் முகம் தெரியாத ஆட்களை அதிகாரம் செய்தே பழகிவிட்டவளுக்கு வேலையை விட்டதும் மண்டைக்கனம் ஏறிவிட்டது என்று நினைத்தேன். எனக்குக் காட்டுகிற அதே மரியாதையைத்தானே தங்களுக்கும் காட்டினாள், கல்யாணமான நாளிலிருந்து அண்ணனையும் புருஷனையும் அவள் சமமாக நடத்தியது இதுதான் முதல் தடவை என்று எனக்கு உள்ளூரக் கொஞ்சம் திருப்திகூட இருந்தது. இதைத் தாங்கள் பெரிதுபடுத்தக் கூடாது.

இந்தச் சமயத்தில்தான் டெலஸ்கோப் வீட்டுக்குள் வந்தது. பெயின்ட் கம்பெனியில் எனக்கு வழியனுப்பு விழா நடந்தபோது, இனிமேல் என்ன செய்யப் போகிறீர்கள் என்று மேனேஜர் கேட்டார். என்ன செய்வது, வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான் என்று எல்லோரும் சொல்வதையே நானும் சொன்னேன். எங்கள் பிரிவுப் பிள்ளைகள் அதைச் சிரத்தையாகக் காதில் வாங்கிக்கொண்டு, ஒன்றாகச் சேர்ந்து ஒரு டெலஸ்கோப்பை வாங்கி, ரிப்பன் கட்டி என் கையில் கொடுத்துவிட்டார்கள். தலையைச் சொறிந்துகொண்டு இருப்பேன் என்று சொல்லியிருந்தால் ஒரு சீப்போடு போயிருக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்து பூட்டி முடித்தபோது இரண்டு திருகாணி கையில் மிச்சம் இருந்தது. கம்பெனிக்காரன் தாராளமாக அனுப்பியிருக்கிறான் என்று அலமாரியில் எடுத்து வைத்தேன். அன்று முதல் அந்தக் குழாய், எந்தப் பக்கம் நிமிர்த்தி வைத்தாலும் மெல்ல மெல்லத் தலையைத் தொங்கப் போட்டுப் பூந்தொட்டியைப் பார்த்தது. திருகாணிகளைத் தேடி எடுத்து மாட்டிய பிறகுதான் வானம் தெரிந்தது.

நிலாவைப் பார்த்தோம், சனியைப் பார்த்தோம் என்று துடைத்துப் பெட்டியில் போட்டிருக்கலாம். என் போறாத காலம், கூட வந்த சின்னப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் 'பொறுமைசாலிகளுக்கு மட்டும்' என்று தலைப்புப் போட்டு, யுரேனஸ், நெப்டியூன் என்று இரண்டு பெயரை அச்சடித்திருந்தார்கள். நான் நிறம் பார்க்கிற வேலையில் இருந்தவன். வெள்ளையிலேயே பத்து வெள்ளையைப் பிரித்துச் சொன்னவன். என் கண்ணுக்குத் தெரியாத சாயல் உலகத்தில் கிடையாது என்று கம்பெனியில் சொல்வார்கள், அவர்கள் சொல்லாத நாட்களில் நானே சொல்வேன். இந்தக் கண்ணுக்கு ஒரு கிரகம் தப்புமா என்று இறங்கிவிட்டேன்.

இருட்டியதும் பின்பக்கம் போய் நிற்பேன். யுரேனஸ் கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்துக்குக் கொஞ்சம் கீழே என்று புத்தகம் சொன்னது. கீழே என்றால் டெலஸ்கோப்பில் மேலே, இடது என்றால் வலது, குழாயை இப்படித் தள்ளினால் நட்சத்திரம் அப்படி ஓடும். தங்களிடம் பழக வருகிறவர்கள் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடிப்பது என்று தெரியாமல் வியர்த்து வழிவார்களே, அந்த நிலைமைதான் எனக்கு. தள்ளித் தள்ளித் துணிக்கொடிக்கு அடியில் போய், ஈரப் போர்வையைத் தலையில் போர்த்திக்கொண்டு, உள்ளே இருட்டாக இருக்கிறதே, இது ஏதோ வானத்தின் ஓட்டை போலிருக்கிறது என்று கொஞ்ச நேரம் பயந்தும் நின்றிருக்கிறேன். அப்புறம் ஒரு நாள் கிடைத்தேவிட்டது. கிழக்கே, கூரை மட்டத்தில், பச்சை நிறத்தில் ஒரு சின்ன வட்டம், ஆடாமல் அசையாமல். உடம்பெல்லாம் புல்லரித்தது. மற்ற நட்சத்திரமெல்லாம் நகர்கிறதே, இது மட்டும் ஏன் நகரவில்லை என்று தங்கள் தங்கை சமையலறை ஜன்னல் வழியாகக் கேட்டாள். ரொம்பத் தூரத்தில் இருக்கிற பெரிய பொருளெல்லாம் சும்மா அசையாது என்று விளக்கினேன். கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறையாக நாலைந்து நாள் அதைப் பார்த்தேன். கடைசியில் பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் சுவருக்கு மேலே தலையை நீட்டி, எங்கள் தொட்டியையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்களே, எங்கேயாவது ஒழுகுகிறதா என்று கேட்டார். தண்ணீர்த்தொட்டிக்கு மோட்டார் ஓடுவது தெரிவதற்காக அவர் தன் கையால் மாட்டிய விளக்கு அது. அவர் உள்ளே போய் மோட்டாரை நிறுத்தினார், யுரேனஸ் அணைந்தது.

அதற்குப் பிறகு இரண்டு நாள் பின்பக்கம் போக வெட்கப்பட்டேன். மூன்றாம் நாள் நிஜ யுரேனஸ் கிடைத்தது. எப்படிக் கிடைத்தது என்று கேட்டால் எனக்கே தெரியாது, கையை எடுத்தேன், அது அங்கே இருந்தது. பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை, ஒரு புள்ளிதான். ஆனால் சுற்றி இருப்பதெல்லாம் ஊசிமுனையாக மினுக்கிக்கொண்டிருக்க, இது மட்டும் மினுக்காமல், ஒரு சொட்டு கனத்தோடு நின்றது. அதன் நிறத்தை நான் எப்படிச் சொல்வேன். ஒரு வாளி வெள்ளையில் கொஞ்சம் நீலத்தை விட்டு, அதன் மேல் பச்சையை விடலாமா வேண்டாமா என்று தயங்கும்போது கை தவறி ஒரு துளி விழுந்துவிடுமே, அந்தத் துளி கலைந்து மறைகிற நேரத்து நிறம். எங்கள் கம்பெனி நிற அட்டையில் அதற்கு எண் கிடையாது. சூரிய வெளிச்சம் அத்தனை தூரம் போய், அந்த உருண்டை மேல் பட்டு, அத்தனை தூரமும் திரும்பி வந்து, துணி காயப்போடும் இடத்தில் பனியன் போட்டுக்கொண்டு நிற்கிற என் கண்ணுக்குள் விழுகிறது. அவ்வளவு தூரத்திலிருந்து என்னிடம் யாரும் வந்ததில்லை. உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

பாக்கி நெப்டியூன். அது சனிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, சனியைப் பிடித்துவிட்டால் அங்கிருந்து நடந்தே போய்விடலாம் என்று புத்தகம் சொன்னது. சனியைப் பிடித்தேன். அதற்கப்புறம் அது என்னை விடவில்லை. நாள் தவறாமல் நின்றேன், கழுத்து சுளுக்கிக்கொண்டது, எலக்ட்ரீஷியன் பரிதாபப்பட்டுத் தன் வீட்டு விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு இருட்டில் சாப்பிட்டார், நெப்டியூன் வரவில்லை. புத்தகத்தில் ஒரு யோசனை இருந்தது. 'மங்கலான பொருளைப் பார்க்க வேண்டுமானால் அதைப் பார்க்காதீர்கள், அதற்குப் பக்கத்தில் பாருங்கள்' என்று. அச்சுப் பிழை என்று நினைத்து அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டேன். ஒன்றை நேராக உற்றுப் பார்த்தே பேர் வாங்கியவன் நான். ஊரில் பாதிப் பேரை "நேராப் பாரு, நேராப் பாரு" என்று அதட்டியே ஓட்டக் கற்றுக்கொடுத்த தாங்களும் அதை அடித்திருப்பீர்கள்.

போன வாரம் ஒரு சாயங்காலம். மத்தியானம் முழுக்கத் தங்கள் வீட்டுக் கல்யாணத்தை வைத்து எங்களுக்குள் சண்டை. இருட்டிய பிறகு நான் குழாயோடு நிற்கிறேன், அவள் துணி எடுக்க வருகிறாள். இருந்த எரிச்சலில், நீ இதையாவது முகத்தைத் திருப்பாமல் பார்ப்பாயா என்று கேட்டுவிட்டேன். அவள் எடுத்த துணியைக் கையில் வைத்துக்கொண்டே வந்து குனிந்து கண்ணை வைத்தாள். என்ன தெரிகிறது என்றேன்.

"மூணு புள்ளி, கோடு மாதிரி. அதுக்குக் கீழே ரெண்டு. அந்த ரெண்டுக்கும் நடுவுல, கொஞ்சம் தள்ளி, ரொம்ப மங்கலா இன்னொண்ணு."

நான் உள்ளே ஓடிப்போய்ப் புத்தகத்திலிருந்த படத்தை எடுத்துத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தேன். மேலே மூன்று நட்சத்திரம், கீழே இரண்டு, நடுவில் கொஞ்சம் தள்ளி ஒரு சின்னப் பெருக்கல் குறி. குறிக்குப் பக்கத்தில் நெப்டியூன் என்று போட்டிருந்தது. திரும்பி வந்து நான் பார்த்தேன். ஐந்து. எத்தனை தடவை பார்த்தாலும் ஐந்து. அவளை மறுபடி பார்க்கச் சொன்னேன். அங்கேயேதான் இருக்கிறது, பாவம், தனியாக இருக்கிறது என்றாள். அப்போதுதான் அவளைக் கவனித்தேன். கண் குழாயில் இருந்தது, பார்வை வேறு எங்கேயோ இருந்தது. என் முன்னால் நிற்கும்போது எப்படிக் கடிகாரத்தைப் பார்ப்பாளோ, அதே மாதிரி.

"எங்கடி பார்க்கறே நீ?"

"அதைப் பார்க்கணும்னா அதைப் பார்க்கக் கூடாதுங்க. பக்கத்துல பார்க்கணும்."

நான் பேனாவால் அடித்த வரி. எனக்குத் தெரியாமல் புத்தகத்தை எடுத்துப் படித்தாயா என்று கேட்டேன். அவள் கொஞ்ச நேரம் துணியை மடித்தாள்.

"நான் எழுத்துப் படிச்சு ஒரு வருஷம் ஆச்சுங்க" என்றாள். "நடுவுல ஒண்ணும் தெரியறதில்லை. எதை நேராப் பார்க்கறேனோ அது மட்டும் இருக்காது, சுத்தி மத்ததெல்லாம் இருக்கும். உங்களை நேராப் பார்த்தா ரெண்டு காது இருக்கும், முகம் இருக்காது. கொஞ்சம் அந்தப் பக்கம் பார்த்தா முகம் வரும். அதான் திரும்பிக்கறேன்."

மச்சான், ஒரே வீட்டில், ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டு, பத்து வெள்ளையைப் பிரித்துச் சொல்கிற இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு நான் என்னத்தைப் பார்த்தேன் என்று தெரியவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் அடுப்புக்குப் பக்கத்தில் விட மாட்டீர்கள், தெருவுக்குத் தனியாக விட மாட்டீர்கள், அண்ணன் காரை எடுத்துக்கொண்டு வந்து அவங்க வீட்டுக்கு அழைத்துப் போய் ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிடுவார், அப்புறம் எழுந்திருக்கவே விட மாட்டார் என்றாள். உங்களை அவள் நன்றாகத்தான் தெரிந்து வைத்திருக்கிறாள். ஒரு வருடமும் குரலை வைத்தே சமாளித்திருக்கிறாள். எக்ஸ்சேஞ்சில் ஆயிரம் பேரைக் குரலால் அடையாளம் வைத்திருந்தவளுக்கு நாமெல்லாம் ஒரு கணக்கா.

நான் அழ ஆரம்பித்தேன், எழுதினால் என்ன. அவள்தான் என் முதுகில் தட்டி, "அழுதா இன்னும் தெரியாது, முதல்ல அதைப் பாருங்க, மேகம் வருது" என்றாள். எப்படிப் பார்ப்பது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். அந்த ரெண்டு நட்சத்திரத்தில் இடப்பக்கத்து நட்சத்திரத்தை நேராகப் பாருங்கள், ஆனால் மனசை வலப்பக்கம் வையுங்கள், தேடாதீர்கள், சும்மா இருங்கள், அதுவே வரும் என்றாள். நான் சும்மா இருந்து பழக்கம் இல்லாதவன். இருந்தாலும் இருந்தேன். வந்தது. புகை மாதிரி, ஒரு மூச்சு விட்ட அளவுக்கு வெளிச்சம், இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி இருந்தது. ஆசைப்பட்டு அதை நேராகப் பார்த்தேன், இல்லை. கண்ணைக் கொஞ்சம் விலக்கினேன், இருக்கிறது. மறுபடி நேராகப் பார்த்தேன், சுத்தமாக இல்லை. சூரியனை ஒரு சுற்றுச் சுற்றி வர நூற்றைம்பது வருடத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிற அவ்வளவு பெரிய உலகம், என் பார்வை பட்டதும் காணாமல் போகிறது, நான் பார்வையை விலக்கியதும் திரும்பி வருகிறது. என் முகம் ஒரு வருடமாக அவளுக்கு இப்படித்தான் போய்ப் போய் வந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அந்த வெளிச்சம் அங்கிருந்து இங்கே வந்து சேர நாலு மணி நேரம் ஆகுமாம். அப்படியென்றால் மத்தியானம் உங்களுக்காக நாங்கள் ஒருவரை ஒருவர் கத்திக்கொண்டிருந்த நேரத்தில் அது அங்கிருந்து கிளம்பியிருக்கிறது. நாங்கள் கத்தி முடித்து, காபி குடித்து, பேசாமல் இருந்து, துணி எடுக்க வந்த வரைக்கும் அது வழியில் வந்துகொண்டே இருந்திருக்கிறது. இதை அவளிடம் சொன்னேன். அதற்கு வேறு வேலை இல்லையா என்றாள், ஆனால் இன்னொரு தடவை பார்க்கிறேன் என்று என்னை விலக்கிவிட்டுக் குனிந்தாள். நெடு நேரம் எழுந்திருக்கவே இல்லை. நான் துணியை வைத்துக்கொண்டு நின்றேன். இத்தனை வருடத்தில் நான் அவளை அப்படிப் பார்த்ததில்லை, பெரிய ஓர் அறைக்குள் முதல் தடவையாக நுழைந்தவள் போல அவ்வளவு அமைதியாக இருந்தாள்.

மறுநாளே கண் டாக்டரிடம் போனோம். விழித்திரையில் நடுப்பகுதி பழுதாகியிருக்கிறது என்றார். எழுத்து, நிறம், முகம் எல்லாம் நடுப்பகுதியின் வேலை, மங்கலான வெளிச்சத்தைப் பிடிப்பது ஓரத்தின் வேலை, அந்த ஓரம் இவங்களுக்கு நன்றாகவே இருக்கிறது, அது கடைசி வரைக்கும் இருக்கும் என்றார். போனது திரும்பாது, ஒரு கண்ணுக்கு ஊசி போட்டு மேலும் போகாமல் தடுக்கலாமாம். முதல் ஊசி போட்டாகிவிட்டது. அடுப்பிலிருந்து அவளை நான் விலக்கவில்லை, உப்பு டப்பாவின் மேல் கெட்டியாக ஒரு துணி நாடாவை ஒட்டியிருக்கிறேன், அவ்வளவுதான். சாயங்காலமானால் இரண்டு பேரும் பின்பக்கம் போகிறோம். அவள் இருப்பதைக் கண்டுபிடிக்கிறாள், நான் அதன் நிறத்தைச் சொல்கிறேன். பழகிப்போன இந்த வீட்டில் இப்படி ஒரு வேலை எங்களுக்கு மிச்சம் இருந்தது என்று நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

ஆகவே மச்சான், இவ்வளவு தூரம் சுற்றி வந்து நான் சொல்ல வருவது இதுதான். அன்றைக்கு வாசலில் உங்கள் தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டது உங்களைப் பார்க்கத்தான். குரல் கேட்டதும், வந்திருப்பது அண்ணன் என்று தெரிந்ததும், உங்கள் முகம் வேண்டும் என்றுதான் சட்டென்று திரும்பினாள். கோபம், வருத்தம், மனஸ்தாபம் எதுவும் அவள் மனதில் கடுகளவும் கிடையாது, இதற்கு நான் உத்தரவாதம். இளைத்துப் போயிருக்கிறீர்கள், மீசையை எடுத்துவிட்டீர்கள் என்று நீங்கள் போன பிறகு அவள்தான் என்னிடம் சொன்னாள். நேருக்கு நேராக உங்களைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு மீசை போனது தெரியவில்லை. நீங்கள் ஒரு தடவை போன் செய்து வா என்று சொன்னால் போதும், அவள் வருவாள். அவளை உங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார வைக்கிற திட்டம் மட்டும் வேண்டாம்.

கல்யாணப் பெண்ணுக்கு எங்கள் இருவரின் மனம் நிறைந்த ஆசிகளும், அக்காவுக்கு என் வணக்கமும், தங்கள் பள்ளியின் வண்டிக்கும் அதில் ஏறுகிறவர்களுக்கும் நீண்ட ஆயுளும் உண்டாகட்டும். நெப்டியூன் இன்னும் கொஞ்ச நாள் சாயங்காலத்தில் தெரியும். கல்யாண வேலை முடிந்ததும் ஒரு நடை வந்தால் காட்டுகிறோம்.

இப்படிக்கு,
என்றும் தங்கள் அன்பை வேண்டும்,
தங்கை வீட்டுக்காரன்

பின்குறிப்பு: இதை உறையில் போடுவதற்கு முன்னால் அவளிடம் ஒரு தடவை படித்துக் காட்டினேன். கண் விஷயம் எல்லாம் சரி, அண்ணனுக்குத் தெரிய வேண்டியதுதான் என்றாள். கோபம் கடுகளவும் இல்லை என்று எழுதியிருக்கும் இடத்தில்தான் நிறுத்தினாள். "அதை யாரைக் கேட்டு எழுதினீங்க?" என்றாள். வாசலில் திரும்பியது உங்களைப் பார்க்கத்தானாம், அது உண்மையாம். ஆனால் கூடத்தில் உட்கார்ந்து, பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்து முடித்த கதையை நீங்கள் விலாவாரியாகச் சொன்னீர்களே, அப்போது அவள் அசையாமல் உங்களையே நேருக்கு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாளே, வாசலில் முகத்தைத் திருப்பியவள் இங்கேயாவது மரியாதையாகக் கேட்கிறாள் பார் என்று நீங்கள்கூட என்னிடம் கண்ணைக் காட்டினீர்களே, கோபம் அப்போதுதானாம். "சொந்த அத்தையை ஒரு வார்த்தை கேட்காம நிச்சயம் பண்ணிட்டு வந்து கதை சொல்றாரு. அதான் நேராப் பார்த்தேன். பேசி முடிக்கிற வரைக்கும் ஆளே இல்லை."

போன் எல்லாம் வேண்டாமாம், நீங்கள் கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் அண்ணன் பெண் கல்யாணத்துக்கு வரப்போகிறாளாம், புடவைகூட எடுத்து வைத்துவிட்டாள். அதனால் நான் மேலே எழுதியது எதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம். அன்றைக்கு மண்டபத்து வாசலில் அவள் வந்து நிற்கும்போது முகத்தை மட்டும் கவனியுங்கள். அந்தப் பக்கம் திரும்பியிருந்தால் உள்ளே அழைத்துப் போங்கள். உங்களை நேராகப் பார்த்தாள் என்றால், மச்சான், அங்கேயே நின்று இன்னொரு தடவை கூப்பிடுங்கள்.